பின்வாசலில் காற்றுத் துப்பாக்கி: சத்தத்தைக் குறைக்க முடியுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், உங்கள் மூலை வீடு. தாத்தா விட்டுச்சென்ற 5.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. மாலை வேளையில் பின்வாசலில் மைலோ டின்களை அடுக்கிச் சுடுகிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு முறை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, போலீசில் சொல்வேன் என்று எச்சரித்துவிட்டார். இணையத்தில் சத்தத்தைக் குறைக்கும் என்று சொல்லி, குழல் முனையில் திருகும் உருளை ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை பிளாஸ்டிக் குழாயில் நானே செய்துகொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூரையில் ஏறும் குரங்குகளையும் சத்தமில்லாமல் விரட்ட வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. துப்பாக்கியின் சத்தம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பது ஒன்று. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் சுடுவது எப்படி என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னால் நன்றாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு உதவ மாட்டேன். ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் செம்பனை ஆலைகளில் 24 ஆண்டுகள் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கொதிகலன் பக்கத்திலும் டர்பைன் அறையிலும் ஒலிமானியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் பாதி வாழ்க்கை. வார இறுதிகளில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தின் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக் கூடத்தில் பொறுப்பாளராகவும் 11 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆகவே ஒலியைப் பற்றியும் இந்த வகைத் துப்பாக்கியைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். சட்டத்தைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞர் அல்லன். சுடும் கூடத்தின் பொறுப்பாளராக இருப்பவன் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குத் தெரியும். உங்கள் துப்பாக்கியையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் மிகவும் ஆபத்தான பகுதி அங்கேதான் இருக்கிறது. மலேசியாவில் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அதாவது சட்டம் 206, ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே காற்றுத் துப்பாக்கியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதே விளக்கம் இன்னொன்றையும் சேர்க்கிறது: சுடும்போது எழும் சத்தத்தையோ ஒளியையோ குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட துணைக்கருவி எதுவாயினும் அதுவும் ஆயுதமே. இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். துப்பாக்கி வீட்டில் இல்லாவிட்டாலும், அந்த உருளை மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமின்றி ஆயுதம் தயாரிப்பதைச் சட்டம் இதைவிடக் கடுமையாகப் பார்க்கிறது. குழாயை அறுத்துப் பஞ்சு அடைத்து நாமே செய்வது சிறு கைவேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். நீதிமன்றத்தில் அந்தக் கைவேலைக்கு வேறு பெயர். அதனால்தான் அதை எப்படிச் செய்வது என்று ஒரு வரிகூட இங்கே எழுதப் போவதில்லை.

நீங்கள் பார்த்த காணொளிகளில் அவர்கள் எவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறார்கள் என்று உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருந்து பேசுகிறவர்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 ஜூலுக்கு மிகாத ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கியைப் பெரியவர்கள் உரிமம் இல்லாமலே வைத்திருக்கலாம். அதே தீவில் இருக்கும் ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் உரிமம் வேண்டும். எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது. நம் நாட்டில் இத்தனை ஜூல் வரை பரவாயில்லை என்ற சலுகை கிடையாது. இணையக் கடை தபாலில் அனுப்பிவிடுகிறது என்பதற்காக அந்தப் பொருள் சட்டப்படி சரியானது என்று எண்ண வேண்டாம். பெட்டியின் மேல் ‘மீன்பிடிக் கருவி’ என்றோ ‘கார் உதிரிப்பாகம்’ என்றோ எழுதி அனுப்புகிறவர்கள் உங்களுக்காக நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை.

இந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்பதை மற்ற ஊர்க்காரர்களைவிட சுங்கை சிப்புட்காரருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டது உங்கள் ஊர்த் தோட்டங்களில்தான். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டவருக்கு மரண தண்டனையே கிடைக்கலாம் என்ற நிலை இருந்தது. அவசரகாலம் முடிந்த அதே 1960இல் ஆயுதச் சட்டமும் வந்தது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் பெரியவர்கள் முள்வேலிக்குள் அடைந்து, ரேஷன் அரிசி வாங்கி வாழ்ந்த ஆண்டுகள் அவை. ‘காற்றுத் துப்பாக்கிதானே’ என்று ஒரு போலீஸ்காரர் இங்கே சொல்லமாட்டார்.

அடுத்தது தாத்தாவின் துப்பாக்கி. நீங்கள் உரிமத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. வீடு வாசல் போல வாரிசுக்குத் தானாக வந்து சேராது. தாத்தாவிடம் உரிமம் இருந்திருந்தாலும் அவரோடு அது முடிந்துவிட்டது. உங்கள் பெயரில், இந்தத் துப்பாக்கிக்கு, காலாவதி ஆகாத உரிமம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இனி ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம். துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகவும் வேண்டாம். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் விளக்கம் சொல்லிக் கரையேறுவது கடினம். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அவர் வழியாகவோ அவர் சொல்கிறபடியோ நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் எப்படி ஒப்படைக்கச் சொல்கிறார்களோ அப்படி ஒப்படையுங்கள். தாத்தாவின் நினைவாக இருக்கும் பொருளைக் கொடுப்பது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவருடைய கைக்கடிகாரத்தையோ ரப்பர் சீவும் உளியையோ நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். உரிமம் உள்ளவருக்கும், சங்கக் கூடத்தில் சுடுகிறவருக்கும், ஒலி என்றால் என்ன என்று அறிய விரும்புகிறவருக்கும் இது பயன்படும். காற்றுத் துப்பாக்கியில் ஒரே ஒரு சத்தம் இல்லை. நான்கு சத்தங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கின்றன. முதலாவது, குண்டின் பின்னால் அடைபட்டிருந்த காற்று குழல் முனையில் வெடித்து வெளியேறுவது. ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். பழக்குலையை வேகவைக்கும் கலத்தில் 3 பார் அழுத்தத்தில் நீராவி இருக்கும். வெந்து முடிந்ததும் அதைத் திறந்துவிடுகிறார்களே, இரவு நேரத்தில் அந்த ‘புஸ்ஸ்’ என்ற ஓசை இரண்டு மைல் தள்ளியிருக்கும் தொழிலாளர் லயத்தில்கூடக் கேட்கும். அடைபட்ட அழுத்தம் சட்டென்று விடுபடுவதுதான் அங்கேயும் இங்கேயும் நடப்பது. முன்கூட்டியே 200 பார் வரை காற்றை நிரப்பி வைக்கும் புதுவகைத் துப்பாக்கிகளில் இந்தச் சத்தம்தான் பெரியது. உங்களுடையது போன்ற ஸ்பிரிங் துப்பாக்கியில் காற்றின் அளவு சிறியது. குண்டு குழல் முனைக்கு வருவதற்குள் அழுத்தமும் பெருமளவு தணிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஒலியின் வேகத்தைக் குண்டு மீறினால் எழும் சாட்டையடி ஓசை. நம் ஊர் வெயிலில், 30 பாகை செல்சியஸில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. பழைய 5.5 மில்லிமீட்டர் ஸ்பிரிங் துப்பாக்கி அந்த வேகத்தை நெருங்காது. எனவே உங்களுக்கு இது பொருட்டே அல்ல. ‘அதிவேகம்’ என்று விளம்பரம் செய்யும் எடை குறைந்த குண்டுகளை வாங்கி 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கியில் போடுகிறவர்கள்தான் இந்தச் சத்தத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள். குறியும் கெடும், காதும் வலிக்கும்.

மூன்றாவது, துப்பாக்கிக்குள்ளேயே நடக்கும் இயந்திரச் சத்தம். இறுக்கிய ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டனைத் தள்ளி, அது உருளையின் முகப்பில் மோதி நிற்கிறது. ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் அதிர்கிறது. சுடுகிறவர் கன்னத்தைக் கட்டையில் அழுத்தி வைத்திருப்பதால் இந்த அதிர்வு எலும்பு வழியாகவே காதுக்குப் போகிறது. உங்களுக்கு இடி போல் கேட்பது பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கைதட்டல் அளவுதான். இதனால் ஒரு பெரிய தவறு நேர்கிறது: சுடுகிறவர் தன் காதை வைத்தே சத்தத்தை எடை போடுகிறார். குழல் முனையில் எதை மாட்டினாலும் இந்தச் சத்தம் இம்மியும் குறையாது. பழைய துப்பாக்கியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். காற்று அழுத்தப்படும் அறைக்குள் எண்ணெய் அதிகமாகப் போயிருந்தால், அழுத்தத்தில் எழும் சூட்டில் அது டீசல் இயந்திரத்தில் நடப்பது போலவே பற்றிக்கொள்ளும். படார் என்று வெடிக்கும், குழல் முனையில் நீலப் புகை தெரியும், எண்ணெய் கருகிய வாடை வரும். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் காரணம் அதுதான் என்று உறுதியாகவே சொல்லலாம். ‘தேய்மானம் வரக்கூடாது’ என்று தையல் இயந்திர எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் பெரியவர்களின் பழக்கம் இதற்கு வழி செய்கிறது. இதைச் சரி செய்ய வேண்டியது உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரின் பட்டறை. ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றப் பார்த்து விரல் நசுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அடுத்த வீட்டு அம்மாவை எழுப்பியது அதுதான் என்பது என் கணிப்பு: குண்டு போய் மோதும் சத்தம். காலி மைலோ டின் என்பது தோல் கட்டிய மேளம் மாதிரி. அதன் பின்னால் தகர வேலியோ கோழிக்கூட்டின் சிங் தகடோ இருந்தால் தவிலே வாசிக்கிறீர்கள் என்று பொருள். எங்கள் சங்கக் கூடத்தில் முதலில் வெறும் இரும்புத் தகட்டைத்தான் குண்டு பிடிக்கும் பெட்டிக்குள் வைத்திருந்தோம். பக்கத்து அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. பெட்டிக்குள் களிமண் போன்ற பிசின் பட்டையை மூன்று விரல் கனத்துக்கு அப்பி வைத்தோம். அந்த வாரக் கடைசியில் அந்த அலுவலகத்துக் காவலாளி வந்து, இன்றைக்குப் பயிற்சி இல்லையா என்று கேட்டார். உள்ளே எட்டுப் பேர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கியில் ஒரு திருகாணியைக்கூட நாங்கள் தொடவில்லை.

அளப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. கைப்பேசியில் இருக்கும் டெசிபல் செயலியை நம்பாதீர்கள். துப்பாக்கி ஒலி நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் நீடிக்கிறது. செயலி அதைப் பிடிப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. உச்சத்தைப் பிடிக்கும் வசதியுள்ள ஒலிமானி வேண்டும். ஆலைத் தொழிலாளருக்கு 2019இன் ஒலி விதிமுறைகள் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்றும், திடீர் ஒலிக்கு 140 டெசிபல் உச்சம் என்றும் இரண்டு தனி வரம்புகளை வைத்திருப்பது இந்த வேறுபாட்டால்தான். மனிதருக்கு எழும் எரிச்சலும் அப்படியே. சீராக ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தைப் பொறுத்துக்கொள்கிறவர், எப்போது வரும் என்று தெரியாத ஒரு ‘டப்’ ஓசைக்குத் துடித்துப் போகிறார். சுற்றுப்புற ஒலியை மதிப்பிடும் பன்னாட்டு முறையில், சிறு துப்பாக்கி ஓசை போன்ற திடீர் ஒலிகளுக்கு அளவீட்டோடு 12 டெசிபல் கூடுதலாகச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா மிகைப்படுத்தவில்லை. அவருடைய காது அந்தக் கணக்கைத் தானாகவே போடுகிறது.

தூரமும் நேரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும். இரண்டு சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே, தகரக் கூரையின் கீழ் அந்தக் கணக்கு செல்லாது. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பொழுது சாய்ந்த பிறகு தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்வதால் ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே இறங்குகிறது. அதே நேரத்தில் ஊரும் அடங்கியிருக்கும். நீங்கள் சுடத் தேர்ந்தெடுத்த மாலை வேளை, ஒலி மிகத் தெளிவாகப் பரவும் வேளை. சுவரில் முட்டைத் தட்டுகளை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று சொல்கிறார்களே, அதையும் மறந்துவிடுங்கள். ஒலியைத் தடுப்பதற்குக் கனம் வேண்டும். அறைக்குள் எதிரொலியைத் தணிப்பதற்குத் தென்னை நார் மெத்தை, பழைய கம்பளம் போல மெத்தென்ற பொருள் வேண்டும். முட்டைத் தட்டில் கனமும் இல்லை, போதுமான மென்மையும் இல்லை.

சத்தத்தைக் குறைக்கும் வழிகளை இவ்வளவு சொன்ன பிறகும், மறைந்து சுடுவதற்கு உதவ மாட்டேன் என்று ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில், கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நடந்தது இது. நண்பன் ஒருவன் அவன் வீட்டுக் காற்றுத் துப்பாக்கியை எடுத்து வந்திருந்தான். லயத்தின் பின்புறம், வாழைக் கன்றுகளுக்கு அருகே ஒரு கல்லின் மேல் கெட்டிப்பால் டின்னை வைத்து மாறி மாறிச் சுட்டோம். அந்தத் துப்பாக்கி மிகவும் பழையது. விரலைச் சொடுக்கும் அளவுக்குத்தான் சத்தம். என் சித்தப்பா மகள், ஒன்பது வயது, குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வாழைகளுக்குப் பின்னால் வந்தாள். நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் எங்கள் சத்தம் கேட்கவில்லை. குண்டு கல்லின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்து, ‘குளவி கொட்டிவிட்டது’ என்றாள். கையை எடுத்தபோது விரல் இடுக்கில் இரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டையின் கழுத்தில் சொட்டியது. இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே, எலும்பில் போய்ச் சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தது ஈயக்குண்டு. தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸர் அதை இடுக்கியால் எடுத்து, எனாமல் கிண்ணத்தில் ‘டிங்’ என்று போட்டார். அன்றைக்கு நான் கேட்ட பெரிய சத்தம் அதுதான். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். துவரம்பருப்பு அளவுக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சற்றே பெரிதாகச் சத்தம் வந்திருந்தால் அவள் குழாயடியிலேயே நின்றிருப்பாள் என்று நான் இன்றுவரை நினைக்கிறேன். துப்பாக்கிச் சத்தம் சுற்றியிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வரிசை வீடுகளுக்கு நடுவே, வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடத்தில், அந்த எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டுச் சுடுவதற்கு நான் துணை நிற்க முடியாது. உரிமம் இருந்தாலும்கூட, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்துகொள்வது குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றம்.

குரங்குகளைப் பற்றி. கூரையில் ஏறுவது நீண்ட வால் குரங்கு, மலாயில் ‘கெரா’ என்பார்களே, அது என்றே எடுத்துக்கொள்கிறேன். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமமின்றிச் சுடுவது குற்றம். ஆயுதச் சட்டத்தோடு சேர்ந்தால் இரண்டு வழக்குகள். சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், காற்றுத் துப்பாக்கிக் குண்டு குரங்கைப் பெரும்பாலும் கொல்லாது. தோலுக்கு அடியில் தங்கி, சீழ் பிடித்து, செம்பனை மட்டைகளுக்கு நடுவே பல நாள் கிடந்து சாக வைக்கும். அப்படிச் சீழ் பிடித்த தாய்க் குரங்கு ஒன்றை, வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருக்க, ஆலையின் கழிவுக் குளத்தருகே பார்த்திருக்கிறேன். கூட்டம் உங்கள் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் உணவு. குப்பைத் தொட்டிக்குப் பூட்டும் மூடி போடுங்கள். கூரையைத் தொடும் மாங்கிளையையும் ரம்புத்தான் கிளையையும் இரண்டு மீட்டருக்கு அப்பால் வெட்டுங்கள். பழங்களைக் காயாக இருக்கும்போதே வலையால் மூடுங்கள். பூசை முடிந்த வாழைப்பழத்தைப் பின்வாசலில் வைக்கும் பழக்கம் தெருவில் யாருக்காவது இருந்தால் பேசி நிறுத்துங்கள். ஒரு வீட்டில் உணவு கிடைத்தால் தெரு முழுவதும் வரும். அதற்கும் அடங்காவிட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுங்கள். தாமான்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் நடவடிக்கை விரைவாக வருவது என் அனுபவம். தோட்டத்து ஓரத்தில் எலித் தொல்லையும் இருந்தால், தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றித் தோட்ட நிர்வாகத்திடமே கேளுங்கள். எலி பிடிப்பதில் நம் எல்லோரையும்விடச் சத்தமில்லாத வேட்டைக்காரன் அந்தப் பறவை.

சுடுவதுதான் உங்கள் ஆசை என்றால், அதற்கு ஒழுங்கான வழி இருக்கிறது. மலேசியத் தேசியத் துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த மாநிலச் சங்கங்களும் மன்றங்களும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவை நடத்துகின்றன. ஈப்போவுக்கு வந்து விசாரியுங்கள். உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம்தான். அங்கே சுடுவது 4.5 மில்லிமீட்டர் குண்டு, வேகம் நொடிக்கு 170 முதல் 180 மீட்டர், இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். டின்னை விழுத்தாட்டுவது அதன் பக்கத்தில் குழந்தை விளையாட்டு. 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு இந்தப் போட்டியில் நின்று சுட்ட நூர் சுர்யானியை நினைவிருக்கும். அந்த நிதானம் எப்படி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? நல்ல வீரர்கள் பயிற்சி நேரத்தில் பெரும் பகுதியைக் குண்டே இல்லாமல் கழிக்கிறார்கள். துப்பாக்கியைத் தூக்கி, மூச்சை விட்டு நிறுத்தி, குறியில் நிலைத்து, விசையை மெல்ல அழுத்தி, அழுத்திய பிறகும் இரண்டு நொடி அசையாமல் நிற்பது. போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. உங்கள் தாத்தாவின் ஸ்பிரிங் துப்பாக்கியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். முன்னால் குண்டு இல்லாமல் விசையை அழுத்தினால் பிஸ்டன் முழு வேகத்தில் மோதி உடையக்கூடும். வீட்டில் பயிற்சி செய்யப் பொம்மைத் துப்பாக்கியோ ஜெல் குண்டுத் துப்பாக்கியோ இணையத்தில் வாங்கலாம் என்றும் எண்ண வேண்டாம், போலி ஆயுதத்துக்கும் சட்டம் இருக்கிறது. இரண்டு கிலோ அரிசிப் பையை நீட்டிய இடது கையில் ஒரு நிமிடம் அசையாமல் பிடித்துப் பழகுங்கள். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் நான் கொடுப்பது அதுதான்.

இன்னும் ஒன்று, ஈயத்தைப் பற்றி. இதுவரை பின்வாசலில் சுட்ட குண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். டின் வைத்த இடத்தைச் சுற்றி மேல்மண்ணை ஒரு கை ஆழத்துக்கு அள்ளித் தனிப் பையில் கட்டுங்கள். அந்த இடத்தில் கீரையோ கறிவேப்பிலையோ வைக்காதீர்கள், கோழியை மேயவும் விடாதீர்கள். குண்டுகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் முன்பு இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அப்படிச் செய்திருந்தால், கிளினிக்கில் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்று மாலையே போய், இனிமேல் பின்வாசலில் சுடமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, உரிமத்தின் நிலை என்னவென்று எழுதுங்கள். சங்கத்தில் சேர என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.